வராத குதிரையின் இடம்

காலியாகக் கிடக்கும் ஓர் இடத்துக்கு எதிரில் நின்றுகொண்டு, அது நமக்குக் கிடையாது என்ற பதிலைக் கேட்டுக்கொள்வது எளிதல்ல. சில ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கலிபோர்னியாவில் சான் டியேகோவுக்குக் கிழக்கே கிளீவ்லேண்ட் தேசியக் காட்டிலுள்ள போல்டர் ஓக்ஸ் முகாமில் நான் அப்படித்தான் நின்றேன். பாதைக்கு இந்தப் பக்கம் குடும்பங்கள் கூடாரம் அடிக்கும் இடங்கள், எல்லாம் நிறைந்திருந்தன. அந்தப் பக்கம் குதிரைக்காரர்களுக்கான இடங்கள். அவற்றில் என் கண்ணுக்கு நேரே மூன்று காலி. ஒவ்வொன்றிலும் இரும்புக் குழாய்களால் அடைத்த ஒரு பட்டி, ஒரு மேசை, நீண்ட டிரெய்லர் ஒன்று வளைந்து திரும்பும் அளவுக்கு அகலமான தரை. என் பின்னால் மனைவியின் அக்கா, அவருடைய கணவர், அவர்களின் இரண்டு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். அரிசோனாவின் பீனிக்ஸிலிருந்து பாலைவனத்தைக் கடந்து வந்த களைப்பு எல்லார் முகத்திலும் தெரிந்தது.

தவறு என்னுடையது. ஓர் இடத்துக்கு இத்தனை பேர், இத்தனை வண்டி என்று முகாமில் கணக்கு உண்டு. நான், மனைவி, மகள் என்று மூன்று பேருக்கு ஓர் இடம் மட்டும்தான் பதிவு செய்திருந்தேன். புதன்கிழமை இரவு சகலை தொலைபேசியில் அழைத்து, "நாங்களும் வந்துவிடட்டுமா?" என்று கேட்டபோது, "தாராளமாக வாருங்கள் அண்ணா, அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டேன். 'பார்த்துக்கொள்ளலாம்' என்ற சொல்லை நம்பி நம் வீடுகளில் எத்தனையோ காரியம் நடக்கிறது. கல்யாணத்துக்கு நூறு பேர் கூடுதலாக வந்தாலும் எப்படியாவது இலை போட்டுப் பரிமாறி அனுப்பிவிடுவோம். அந்தப் பழக்கத்தில்தான் சொன்னேன். நான்கு பேரை ஆறு மணி நேரம் பயணம் செய்ய வைத்த பிறகுதான், இங்கே அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்று தெரிந்தது.

முகாமின் பொறுப்பாளர் வாசலருகே ஒரு சிறிய கேரவனில் தங்கியிருந்தார். எழுபதை ஒட்டிய வயது, நிதானமான பேச்சு. அவரிடம் போய், "அந்த மூன்று இடங்களும் காலியாகத்தானே இருக்கின்றன? ஒன்றை இன்றிரவு மட்டும் எடுத்துக்கொள்கிறோம், கட்டணம் கட்டிவிடுகிறேன்" என்றேன்.

"உங்களிடம் குதிரை இருக்கிறதா?"

"இல்லை."

"அவை குதிரையோடு வருகிறவர்களுக்கு."

"யாரும் வரவில்லையே."

"இன்னும் வரவில்லை" என்றார்.

குரலில் கடுமை இல்லை, கேலியும் இல்லை. ஆனால் அந்த 'இன்னும்' என்ற சொல் எனக்குள் முள்ளாகத் தைத்தது. இருட்டப் போகிறது, இனி யார் வரப் போகிறார்கள்? வாதாடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், பதில் மாறவில்லை. சகலையின் வண்டி மேல் கட்டியிருந்த விறகுக் கட்டைப் பார்த்து, "அது எங்கே வாங்கியது?" என்று மட்டும் கேட்டார். அரிசோனாவில் என்றதும், தயவுசெய்து இங்கே இறக்க வேண்டாம், துணியால் நன்றாக மூடி வையுங்கள் என்றார். அதற்கும் எரிச்சல்தான் வந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. முதுகில் பொன்னிறப் புள்ளிகள் கொண்ட ஒரு சிறு வண்டு, அரிசோனாவின் தென்கிழக்கு மலைகளுக்கு உரியது, விறகோடு விறகாக இந்தப் பக்கம் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 2004இல் சான் டியேகோ மாவட்டத்தில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. இங்கே ஓக் மரங்கள் கூட்டம் கூட்டமாகச் சாவது அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைவதால்தான் என்று 2008இல் கண்டுபிடித்தார்கள். பெரியவர் காவல் இருந்தது எங்கள் தலைக்கு மேலே விரிந்திருந்த அந்த மரங்களுக்கு.

சகலை குடும்பம் அரைமணி நேரத் தொலைவில் ஒரு விடுதியில் அறை பிடித்துக்கொண்டு போனது. போகும்போது அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் பேசவில்லை. காலிப் பட்டிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அன்றைக்கு நெருப்பு மூட்டவில்லை. கிழக்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் என்ற எச்சரிக்கை இருந்தது. 1970 செப்டம்பரில் அப்படிப்பட்ட காற்றில்தான், இங்கிருந்து சில மைல் தொலைவில் கிச்சன் கிரீக் சாலைப் பக்கம் மின்கம்பியிலிருந்து தீப்பிடித்து 1,75,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. காட்டில் நெருப்பில்லாத இரவு நீளமானது. மனைவியும் மகளும் கூடாரத்துக்குள் போய்விட்டார்கள். மேசையில் தனியாக உட்கார்ந்து, எதிரே தெரிந்த மூன்று பட்டிகளையும் பார்த்துக்கொண்டு, மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருந்தேன். தேசியப் பூங்கா வேறு, தேசியக் காடு வேறு. மரம், மேய்ச்சல், நீர், வனவிலங்கு, பொழுதுபோக்கு என்று பல பயன்களுக்கும் சேர்த்து இந்தக் காடுகளை நிர்வகிக்க வேண்டும் என்று 1960ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பல பயன் என்று சொல்லிவிட்டு ஒரு பயனும் இல்லாமல் மூன்று இடங்களைப் பூட்டி வைப்பது என்ன நியாயம்? நான்கு பேர் படுக்க இடமில்லை, வராத குதிரைக்கு இடம் இருக்கிறதா?

குதிரைக்காரர்கள் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு மனத்தாங்கலும் இருந்தது. பசிபிக் கிரெஸ்ட் நடைபாதை இந்த முகாம் வழியாகத்தான் போகிறது. மெக்சிகோ எல்லையில் காம்போவில் தொடங்கி கனடா எல்லை வரை 2650 மைல்; அதில் முதல் 26 மைல் முடியும் இடம் ஏறக்குறைய இதுதான். நடப்பவர்களும் குதிரையும் போகலாம், மிதிவண்டிக்கும் மோட்டார் வண்டிக்கும் அனுமதி இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதற்கு வடக்கே ஒரு சரிவில் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தபோது எதிரே நான்கு குதிரைகள் வந்தன. நடப்பவர்தான் ஒதுங்க வேண்டும், அதுவும் பள்ளப் பக்கமாக. முட்செடிக்குள் இறங்கி நின்றேன். முன்னால் வந்தவர், "ஏதாவது பேசுங்கள், உங்கள் குரல் கேட்கட்டும்" என்றார். வழியும் விட்டு, வாழ்த்தும் பாட வேண்டுமா என்று தோன்றியது. அவர்கள் போன பின் பாதை நடுவில் சூடான லத்தி கிடந்தது. நம் நாயின் கழிவை நாம் பையில் எடுத்துப் போகிறோம், இவர்களுக்கு மட்டும் தனிச் சட்டமா? டிரக், டிரெய்லர், குதிரை எல்லாம் வைத்திருக்கிறவர்களுக்குக் காட்டிலும் முதல் வரிசை. அன்றிரவு இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சில் கனத்தது.

பதினொரு மணிக்கு

ஓக் கொட்டைகள் காரின் கூரையில் 'டக் டக்' என்று விழுந்துகொண்டிருந்தன. மேலே எட்டாம் எண் நெடுஞ்சாலையில் லாரிகளின் இரைச்சல் ஓயவே இல்லை. படுக்கப் போகலாம் என்று எழுந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. முகாம் பாதையில் இரண்டு விளக்குகள் மிக மெதுவாக உள்ளே வந்தன. டிரக்; அதன் பின்னால் நீண்ட டிரெய்லர். டிரெய்லருக்குள் குளம்பு ஒன்று பலகையைத் தட்டியது. வெறுமையில் எழுகிற சத்தமாக இல்லாமல், ஒரு பெரிய உயிர் பொறுமை இழந்து கேட்கிற சத்தமாக இருந்தது அது. எனக்கு எதிரே இருந்த நடு இடத்தில் வண்டி ஒரே வளைவில் திரும்பி நின்றது. அந்த அகலமான தரை எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

இறங்கியவர் அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி. கை முழுவதும் கிரீஸ் கறை. அரிசோனாவின் யூமாவிலிருந்து மதியமே கிளம்பியிருக்கிறார். பாலைவனத்திலிருந்து நெடுஞ்சாலை மலையேறும் அந்தச் செங்குத்தான பகுதி சகலைக்கும் எனக்கும் நன்றாகத் தெரியும். வண்டிகள் சூடேறி நின்றுவிடும் என்று ரேடியேட்டருக்கான தண்ணீரைச் சாலையோரத்தில் தொட்டிகளில் வைத்திருக்கும் இடம். அங்கே டிரெய்லரின் சக்கரம் வெடித்துவிட்டது. உதவி வந்து சேர ஐந்து மணி நேரம் ஆகியிருக்கிறது. அத்தனை நேரமும் இரண்டு குதிரைகள் அந்தப் பெட்டிக்குள் நின்றபடி. லாரிகள் பறக்கும் சாலையின் ஓரத்தில் இறக்கிக் கட்டவும் வழியில்லை.

பொறுப்பாளர் டார்ச்சோடு வந்துவிட்டார். பட்டியின் கதவைத் திறந்து வைத்தார். நான் பாதையைக் கடந்து போய் நின்றிருந்தேன். ஏன் போனேன் என்று யோசிக்கக்கூட இல்லை. அவர் என்னைப் பார்த்தார். மாலையில் நான் பேசியது எதையும் அவர் எடுக்கவில்லை. "இந்தக் கயிற்றைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

முதலில் இறங்கியது இளங்குதிரை. அதன் தலைக்கயிறு என் கையில். அடுத்தது பழுப்பு நிறப் பெண் குதிரை, இருபத்திரண்டு வயது. பின்னங்கால் ஒன்றை வெளியே நீட்டி, தரை எங்கே என்று தேடித் தேடி, தொட்ட பிறகு அடுத்த காலை எடுத்து, பின்பக்கமாகவே இறங்கியது. இறங்கியதும் நான்கு கால்களையும் அகட்டி நின்று உடம்பை ஒரு உதறு உதறியது. தூசியும் வியர்வையும் புல்லும் கலந்த வாசனை பரவியது. நான் விளக்கை அதன் முகத்துக்கு நேரே பிடித்திருந்தேன். "தரையைப் பார்த்துத் திருப்புங்கள், அவளுக்குக் கண் கூசும்" என்றார் அந்தப் பெண்மணி.

முகாம் குழாயிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் பிடித்து வைத்தார். குதிரை மூக்கை நீருக்கு அருகே கொண்டுபோனது, மேலுதட்டைச் சுருக்கியது, விலகிக்கொண்டது. மறுபடி வைத்தார். மறுபடி விலகியது. அவர் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு பதற்றம் தெரிந்தது. மணிக்கணக்காகத் தண்ணீர் இல்லாமல் நின்ற குதிரைக்குக் குடல் இறுகிவிட்டால் பெரும் ஆபத்து. வாந்தி எடுத்து ஆற்றிக்கொள்ளவும் அதன் உடம்பில் வழியில்லை. புது ஊர்த் தண்ணீரைச் சில குதிரைகள் தொடவே தொடாதாம். டிரக்கின் பின்னாலிருந்து ஒரு நீல நிறக் கேனை இழுத்து வந்தார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். கேன் கனமாக இருந்தது, நான் ஒரு பக்கம் பிடித்தேன். வாளியில் பாதியைக் கொட்டிவிட்டு வீட்டுத் தண்ணீரை அதோடு கலந்து வைத்தார். குதிரை முகர்ந்தது. சிறிது நேரம் அப்படியே நின்றது. பிறகு உதட்டை நீரில் பதித்தது.

குதிரை தண்ணீர் குடிப்பதை அதற்கு முன் நான் அவ்வளவு நெருக்கத்தில் பார்த்ததில்லை. நாய் போல நக்குவதில்லை. வாயை நீரில் வைத்து உறிஞ்சுகிறது. ஒவ்வொரு மடக்கும் தொண்டை வழியாக ஓர் உருண்டையாக இறங்குவது கழுத்தில் தெரிகிறது. ஒவ்வொரு மடக்குக்கும் இரண்டு காதுகளும் பின்னால் போய் முன்னால் வருகின்றன, யாரோ பின்னாலிருந்து நூலால் இழுப்பதைப் போல. அந்தப் பெண்மணி வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு, அதன் பிடரியில் நெற்றியை வைத்துக்கொண்டார். மூன்று பேர் நின்றிருந்தோம், யாரும் பேசவில்லை. காற்றின் ஒலிக்கு நடுவே அந்த உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"இங்கே பதிவு செய்திருந்தீர்களா?" என்று பிறகு கேட்டேன்.

"இல்லை. நான் போக வேண்டிய இடம் இன்னும் தொலைவு. வழியில் எங்கெங்கே பட்டி இருக்கிறது என்று எப்போதும் குறித்து வைத்திருப்பேன். இடம் காலியாக இருக்குமா என்று தெரியாது. ஆனால் இருக்கக்கூடும் என்றாவது நம்பலாம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு சகலையின் நினைவு வந்தது. அவர்கள் இருவரும் ஒரே நாளில் ஒரே மலைச்சாலையில் ஏறி, ஒரே களைப்போடு இங்கே வந்தவர்கள். சகலைக்கு இங்கே இடமில்லை என்றானபோது தொலைபேசியில் ஒரு விடுதி, அதில்லை என்றால் இன்னொன்று. இந்தக் குதிரைகளை எந்த விடுதி உள்ளே விடும்? நான் மாலையில் கேட்டது கிடைத்திருந்தால், இப்போது அந்தப் பட்டிக்கு எதிரே எங்கள் இரண்டு கூடாரங்களும் குளிர்ப்பெட்டியும் மடக்கு நாற்காலிகளும் இருந்திருக்கும். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இவர் விளக்கை அணைக்காமல் வண்டியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்திருப்பார். பிறகு மெல்ல வண்டியைப் பின்னால் எடுத்திருப்பார்.

மற்ற இரண்டு பட்டிகளும் காலியாக இருந்தனவே என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. அதற்கு வருகிறேன்.

படுத்த குதிரை

விடியும் முன் மகள் என் தோளை உலுக்கினாள். "அப்பா, அந்தக் குதிரைக்கு உடம்பு சரியில்லை, விழுந்து கிடக்கிறது." வெளியே ஓடினேன். கிழக்கே மலை விளிம்பு வெளுத்திருந்தது. பட்டிக்குள் மணல் தரையில் அந்தக் கிழக் குதிரை கால்களை மடக்கிப் படுத்திருந்தது. மூக்கு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூச்சு விட்டபோது மூக்கின் முன்னே மண் சிறிதாகப் பறந்தது. இளங்குதிரை அதன் அருகே நின்று எங்களையே பார்த்தது. அந்தப் பெண்மணி டிரக்கின் படியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச வேண்டாம் என்று கையசைத்தார். குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்து உறங்க அது படுத்தாக வேண்டும். இடம் போதாவிட்டால், பயம் இருந்தால், கூடவே ஒன்று காவல் நிற்காவிட்டால், படுக்காது. அவர் இரவு முழுவதும் காத்திருந்தது இதற்காகத்தான். மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் நின்றாள்.

காலையில் அவர் முள்வாரியால் பட்டியைச் சுத்தம் செய்தார். ஒரு குதிரை ஒரு நாளில் இருபது கிலோவுக்கு மேல் லத்தி போடும். ஒரு துணுக்கு விடாமல் வாரி எடுத்தார். பாதையில் கிடந்த லத்தியைப் பற்றிய என் பழைய புகாரை அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. முகாமில் வாருகிறோம், பாதையில் எல்லாரும் இறங்கி ஒதுக்கிவிட்டுப் போவதில்லை, செய்ய வேண்டும் என்றார். பேசச் சொல்வது எதற்கு என்பதையும் அவர்தான் விளக்கினார். முதுகில் பெரிய மூட்டையோடு புதருக்குள் அசையாமல் நிற்கும் உருவம் குதிரையின் கண்ணுக்குப் பதுங்கியிருக்கும் விலங்கு. குரல் கேட்டால்தான் மனிதன் என்று தெரியும். பள்ளப் பக்கம் நிற்கச் சொல்வதும் அதனால்தான். மிரண்டால் அது மேட்டுப் பக்கமாகத் துள்ளுவது நல்லது. தோளில் மகளை வைத்திருந்த என் உருவம் அந்த நான்கு குதிரைகளுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். இரண்டு தலை கொண்ட ஏதோ ஒன்று. அன்று பேசச் சொன்னவர் என் மகளின் பாதுகாப்புக்காகவும்தான் சொல்லியிருக்கிறார். மோட்டார் நுழையாத அந்தப் பாதையைச் செப்பனிடப் போகிறவர்களின் அரிவாளையும் ரம்பத்தையும் சாப்பாட்டையும் பல இடங்களில் குதிரையும் கோவேறு கழுதையும்தான் சுமக்கின்றன என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஒன்பது மணிக்கு சகலை குடும்பம் வந்து சேர்ந்தது. உப்புமா கிண்டி எல்லாரும் சாப்பிட்டோம். அந்தப் பெண்மணிக்கும் ஒரு தட்டு போனது. இரவு நடந்ததை நான் சொன்னதும் சகலை கவனமாகக் கேட்டார். அவர் கணக்குத் தணிக்கை செய்பவர், உணர்ச்சியில் எளிதில் கரைபவர் அல்ல. "சரிதான். ஒரு பட்டிக்கு ஆள் வந்தது. மற்ற இரண்டு?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டு பட்டிகளும் விடியும்வரை காலியாகத்தான் இருந்தன. அவற்றில் ஒன்றில் சகலையின் பிள்ளைகள் படுத்திருந்தால் எந்தக் குதிரைக்கும் நட்டமில்லை. இது உண்மை. ஆனால் ஆறு மணிக்கு அந்தப் பெரியவர் முன்னால் நின்றபோது, எந்தப் பட்டிக்கு ஆள் வரும், எதற்கு வராது என்று யாருக்குத் தெரியும்? அவருக்கும் தெரியாது. இரவு எட்டு மணிக்கு மேல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு விதி எழுதலாமே என்று சகலை சொன்னார். நியாயமான யோசனை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். எழுதினால் அடுத்த வாரமே எட்டு மணிக்காக வாசலில் ஒரு வரிசை நிற்கும் என்றும் நினைக்கிறேன். இந்த இரண்டு எண்ணமும் எனக்குள் சமாதானமாகவே இல்லை.

காலி என்ற சொல்

அடுத்த வசந்தத்தில் மறுபடி போக ஆசைப்பட்டோம். மழை முடிந்து, ஓடையில் நீர் ஓடி, மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள் பூத்திருக்கும் காலம். முகாம் மூடியிருந்தது. அரோயோ தேரை என்ற இரண்டு மூன்று அங்குல உயிர் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பதால் வசந்தத்தில் மூடிவிடுகிறார்கள். மணல் திட்டுகள் கொண்ட, மெதுவாக ஓடும் ஆழமற்ற ஓடைகள்தான் அதற்கு வேண்டும். அணைகளும் ஊர்களும் அப்படிப்பட்ட ஓடைகளில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. 1994இல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அதைப் பட்டியலில் சேர்த்தார்கள். பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். இருட்டிய பின் வெளியே வரும். ஆண் தேரை பத்து நொடி வரை நீளும் மெல்லிய குரலில் இணையை அழைக்கும். கூடாரத்திலிருந்து கழிப்பறைக்கு டார்ச்சோடு நடக்கும் மனிதனின் காலுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

சகலையிடம் சொன்னேன். "ஒரு தேரைக்காக முகாம் முழுவதையுமா மூடுவார்கள்?" என்றார். "அதற்கு வேறு இடம் இல்லை அண்ணா" என்று சொல்லிவிட்டு நானே திகைத்தேன். அந்தப் பெரியவர் நின்ற இடத்தில் இப்போது நான் நின்றுகொண்டிருந்தேன்.

'காலி' என்ற சொல்லை அதன் பிறகு நான் எளிதாக எடுப்பதில்லை. இந்த மலைகள் குமியாய் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். பருவத்துக்கு ஏற்பப் பாலைவனத்துக்கும் மலைக்குமாக இடம் மாறி வாழ்ந்தவர்கள். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டை பொறுக்கி, பாறையிலேயே குடைந்த உரல்களில் இடித்து, நீர் விட்டுக் கசப்பைக் கழுவி, கெட்டியான கூழாகக் காய்ச்சுவார்கள். அந்த உரல் குழிகளை இப்பகுதிப் பாறைகளில் இன்றும் பார்க்கலாம். விரலை விட்டால் உட்புறம் வழுவழுவென்று இருக்கும். வருடத்தில் சில மாதங்கள் ஆளில்லாத நிலம், பின்னால் வந்தவர்களின் கண்ணுக்கு யாருடையதும் அல்லாத நிலமாகிவிட்டது. இன்றைக்கு முகாமைச் சுற்றி லா போஸ்டா, காம்போ, மன்சனிடா என்று அவர்களுக்கு ஒதுக்கிய நிலங்கள் இருக்கின்றன. சுற்றியுள்ள மற்ற நிலமெல்லாம் பிறர் கைக்குப் போய்விட்டது.

தேனிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மேற்கே மந்தை என்று ஒரு வெளி இருந்தது. காலையில் ஊர் மாடுகள் அங்கே கூடி மேய்ச்சலுக்குப் போகும். மாலையில் அங்கே வந்து பிரியும். நடுவில் பகல் முழுவதும் வெறிச்சோடிக் கிடக்கும். சும்மாதானே கிடக்கிறது என்று முதலில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். பிறகு ரேஷன் கடை. பிறகு மினி பஸ் திரும்ப இடம். எல்லாமே ஊருக்குத் தேவையானவைதான், ஒன்றையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாடு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றார்கள். மாடு குறைந்ததால் மந்தை போனதா, மந்தை போனதால் மாடு குறைந்ததா என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. குளத்துக்கரையில் ஆவுரிஞ்சிக்கல் மட்டும் இன்னும் நிற்கிறது. மாடு வந்தால் உடம்பைச் சொறிந்துகொள்ளட்டும் என்று எந்தக் காலத்திலோ யாரோ நட்டது. மாட்டின் தோள் உயரத்தில் அந்தக் கல் தேய்ந்து பளபளக்கிறது.

மறு ஆண்டு அக்டோபரில் மறுபடி போனோம். இந்த முறை இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு இடங்களை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டேன். சகலை விறகு கொண்டுவரவில்லை. வேறு ஒரு பொறுப்பாளர் இருந்தார். எதிர்ப்பக்கத்தில் இரண்டு பட்டிகள் காலி. சாப்பிட்டுவிட்டு நானும் சகலையும் பாதையில் நடந்தோம். அவர் பழைய வழக்கை விடவில்லை. "பார், இன்றைக்கும் இரண்டு. கணக்கில் இது வீண்தான்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. எங்கள் இடத்துக்குத் திரும்பியபோது அவர் வண்டியின் பின்பக்கம் பாதைக்குள் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். எதிரே இருந்த பட்டியின் வளைவைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். வண்டியைக் கிளப்பி, மரத்தடி வரை உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு, இறங்கி, பாதையின் அகலத்தைக் காலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் கூடாரத்துக்குள் போனார்.